பதினோரு தட்டும் ஒரு ரசீதும்

1

அண்ணன் வந்த விமானம் தரையிறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆக்லாந்து விமான நிலையத்தின் கார் நிறுத்தத்தில் நானும் மகள் கயல்விழியும் காத்துக்கொண்டிருந்தோம். அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கட்டிப்பிடித்து, அழுது, போயும் விட்டார்கள். அண்ணனை மட்டும் காணோம். அறுபதை நெருங்குகிற மனிதர். பேராவூரணியை விட்டால் தஞ்சாவூர், அதை விட்டால் திருச்சி, அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. அது காரோடு இணைந்திருந்ததால் குரல் கார் முழுக்கக் கேட்டது. பேசியது சோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் அதிகாரி. இங்கே ஒருவர் பதினோரு எவர்சில்வர் தட்டுகளோடு நிற்கிறார், ஐந்து தேங்காய், இரண்டு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, நிறைய மல்லிகைப்பூ வைத்திருக்கிறார், எதையும் ஒளிக்காமல் அவரே எடுத்துத் தட்டு தட்டாக மேசையில் பரப்பிவிட்டார், யாருக்கு என்று கேட்டால் இந்த எண்ணைக் காட்டுகிறார் என்றாள். பாவம், அவளுக்கே குரலில் சிரிப்பு வந்துவிட்டது.

நியூசிலாந்துக்குள் ஓர் எலுமிச்சம்பழம்கூடக் கொண்டுவர முடியாது. செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவித்தான் உள்ளே விடுவார்கள். இதையெல்லாம் அண்ணனுக்கு ஐந்து தடவையாவது ஃபோனில் சொல்லியிருப்பேன். தின்கிற பொருள் எதுவும் வேண்டாம் என்றேன். அவரும் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை, ஊறுகாய் இல்லை. சீர் தின்கிற பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இவையெல்லாம் பரிசுப் பொருட்களா என்று கேட்டுச் சொல்லும்படி அதிகாரி என்னிடம் சொன்னாள். கேட்டேன். காருக்குள் அண்ணன் குரல் கணீரென்று வந்தது.

"பரிசுன்னு சொல்லிடாத செல்வி. பரிசு யார் வேணா குடுக்கலாம். இது மாமன் சீருன்னு சொல்லு."

இருபத்து நாலு வருஷமாக இந்த நாட்டில் இங்கிலீஷ் பேசுகிறேன், சீர் என்பதற்கு இன்னும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பரிசுதான் என்று சொல்லிவைத்தேன். பரிசோ எதுவோ, உள்ளே விட முடியாது, திருப்பி அனுப்பலாம் அல்லது அழிக்கலாம், எது வேண்டும் என்றாள் அவள். நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் இருக்கையில் இருந்த கயல் குனிந்து பேசினாள். நாலு வருஷமாக அவள் படித்தது பயிர்ப் பாதுகாப்பு. எந்தப் பூச்சி எந்த இலையில் ஒட்டிக்கொண்டு எந்த நாட்டுக்குள் நுழையும் என்பதுதான் அவளுடைய படிப்பே. நாலைந்து பூச்சிகளின் பெயரைச் சொன்னாள். பிறகு, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றாள்.

பேச்சு முடிந்தது. அவள் நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீராம்மா?"

"ஆமா."

அண்ணன் சீரோடு வருகிறார் என்பதை நான் அவளிடம் மறைத்திருந்தேன். தன் சீரை அழிக்கச் சொன்னது யார் என்பது அண்ணனுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பட்டமளிப்பு விழா. நான் அந்தக் காருக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

2

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா அடுத்தவர் தோப்பில் மரமேறித் தேங்காய் பறித்தவர். நான் பெரியமனுஷியானபோது எங்கள் தாய்மாமன் இரண்டே தட்டோடு வந்தார். ஒன்றில் பாவாடை தாவணி, இன்னொன்றில் வெற்றிலை பாக்கு பழம். அன்றைக்கு அவர் இருந்த நிலைக்கு அதுவே அதிகம். தோப்புக்காரர் வீட்டு அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ரெண்டு தட்டுக்கு எதுக்கு மேளம் என்று சிரித்துவிட்டுப் போனாள். மாமா கேட்காததுபோல் இருந்துவிட்டார். அண்ணன் கேட்டுக்கொண்டார். ஒனக்கு ஒரு பொண்ணு பொறக்கட்டும், பதினோரு தட்டு வைக்கிறேன் என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். பிள்ளைப் பேச்சு என்று நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. குத்தகைக்கு எடுத்து, கிணறு வெட்டி, கடைசியில் எண்பது தென்னை தன் பெயரில் வாங்கியபோதும் அவர் மனசில் அந்தப் பதினோரு தட்டு இருந்திருக்கிறது.

கயல் பெரியமனுஷியானபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. இங்கேதான், நாங்கள் இருக்கும் ஹாமில்டனில். முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும் என்பது முறை. அன்றைக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம், அந்தத் தப்பு என்னுடையது.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். பேராவூரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பத்தடி உயரத்தில் அண்ணன் வைத்த ஃப்ளெக்ஸ். அதில் என் மகளின் பள்ளிக்கூடப் படம். நான் அனுப்பியதுதான். சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போய் எழுத்துக்கூட்டப் பழக்கியவளும் நான்தான். காரில் இருந்தபடியே அவள் எழுத்துக்கூட்டி, பூ, ப்பு, னி, த, என்று படித்துவிட்டு, அப்படின்னா என்னம்மா என்றாள். சொன்னேன். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. என் மாமனார் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் இருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இத ஏம்மா ஊருக்கே சொன்ன?"

மறுநாள் காலை மேளச் சத்தம் கேட்டது. அண்ணன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி நாங்கள் இருந்தோம். கதவு திறக்கவில்லை. நான் அதை உடைத்திருக்கலாம், அடித்து உட்கார வைத்திருக்கலாம், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கும். நான் செருப்புகூடப் போடாமல் ஓடித் தெருமுனையில் சீரை மறித்தேன். முன்னால் அண்ணன், பட்டுவேட்டி, கையில் முதல் தட்டு. பின்னால் அண்ணியும் அவர்கள் பக்கத்துப் பெண்களுமாகப் பத்துத் தட்டு.

"அண்ணே, அவ வேணாங்கறா. விட்டுடுண்ணே."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் இரண்டு அடி அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பினார். பதினோரு தட்டும் அவரோடு திரும்பிப் போயின.

3

அதற்குப் பிறகு பத்து வருஷம் எனக்கும் அண்ணனுக்கும் இருந்தது ஒரே பேச்சுதான். சாப்டியா. சாப்டேன். நீ சாப்டியாண்ணே. சாப்டேன். மழை உண்டா. இல்ல. வச்சுடவா. கயலைப் பற்றி அவரும் கேட்கமாட்டார், நானும் எடுக்கமாட்டேன்.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வந்த புதிதில் காலையில் ஒவ்வொரு பெரியவரின் அறைக்குள் நுழையும்போதும், சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பேன். நமக்கு அது வணக்கம் மாதிரி. அவர்களோ நான் உணவைச் சோதிக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, ரொட்டி காய்ந்திருந்தது, முட்டை வேகவில்லை என்று புகார்ப் பட்டியலே கொடுத்தார்கள். சமையலறைப் பொறுப்பாளருக்கு என்மேல் ஒரு மாதம் கோபம். கேட்க முடியாததைக் கேட்காமல் இருப்பதற்காகவும் நாங்கள் அப்படிக் கேட்போம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

நடுவில் ஒரு வருஷம் புயல் வந்தது. எங்கள் பக்கத்துத் தென்னையெல்லாம் ஒரே ராத்திரியில் படுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாலு நாள் ஃபோன் போகவில்லை. ஐந்தாம் நாள் அண்ணன் எடுத்தார். எண்பது மரத்தில் ஆறு நிற்கிறது என்றார். அப்போதும் அவர்தான் கேட்டார், சாப்டியா என்று.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அண்ணனிடம் கயலின் படிப்பு முடிகிற விஷயத்தைச் சொல்லிவிட்டார். இவர் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பயணிகளிடம் பேசக்கூடாது என்று விதி இருப்பதால் மிச்சம் பேச்சையெல்லாம் ஊருக்கு ஃபோன் போட்டுத் தீர்த்துக்கொள்வார். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. சாப்டியா இல்லை. நேரே விஷயம்.

"பட்டம் வாங்குதாமே. மாமன் வரணுமா, வேணாமா?"

வாண்ணே என்றேன். வேறென்ன சொல்வேன்.

விசா விண்ணப்பத்தில் மாமா என்பவர் நெருங்கிய உறவில் சேரவில்லை. ஒரு சித்தப்பாவும் ஒரு தாய்மாமனும் இவர்களுக்கு ஒரே வார்த்தை. பட்டம் வாங்குகிற பெண்ணுக்கு இவர் ஏன் அவசியம் என்று விளக்கம் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் ஊரில் தாய்மாமன் வராமல் எந்த நல்ல காரியமும் தொடங்காது, காது குத்துவது அவர் மடியில், மணவறைக்கு அழைத்து வருவது அவர் கை, அவர் வந்து சேரும்வரை பந்தி போடாமல் காத்திருப்போம் என்றெல்லாம் எழுதினேன். பத்து வருஷத்துக்கு முன் அவரைத் தெருமுனையில் திருப்பி அனுப்பியதை எழுதவில்லை. விசா கிடைத்துவிட்டது. படித்த அதிகாரி யாரோ, அவருக்கு நல்ல மாமன் இருந்திருக்க வேண்டும்.

4

கடைசியில் அண்ணன் வெளியே வந்தார். வண்டியில் ஒரு பெட்டி, சாக்குக் கயிற்றால் கட்டிய பதினோரு வெறும் தட்டு. கையில் ஒரு காகிதம், பறிமுதல் செய்த பொருட்களின் ரசீது. கற்கண்டு பாக்கெட், குங்குமம், வளையல், பட்டுப்புடவை, இவை மட்டும் தப்பியிருந்தன. கயல் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, வாங்க மாமா என்று முணுமுணுத்தாள். அவள் எனக்கே கேட்காத மாதிரி பேசினால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். கடைசியாகப் பார்த்தபோது அவர் நெஞ்சளவு இருந்தவள் இப்போது அவர் காது வரைக்கும் இருந்தாள். வளந்துட்ட என்று மட்டும் சொன்னார்.

வீடு வருவதற்கு ஒன்றரை மணி நேரம். அண்ணன் வழி நெடுக மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆள் ஒருத்தரையும் காணோம், மாடு மட்டும் மேயுதே, யாரு பாத்துக்கறா என்று ஒரு தடவை கேட்டார். வேலி பாத்துக்கும்ண்ணே என்றேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சமையலறை மேசையில் அண்ணன் அந்த ரசீதை நீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கயல், காபியோடு. எனக்குப் பல் துலக்கின கையோடு நிற்கத்தான் முடிந்தது, உள்ளே போக முடியவில்லை.

"ஏம்மா, எங்காயில என்ன வியாதின்னு எழுதியிருக்காங்க?" என்றார் அண்ணன்.

அவள் மழுப்பவில்லை. வியாதி இருக்கு என்று எழுதவில்லை, இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள். மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினமாதிரி. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இது எங்க தோப்பு முழுக்க இருக்கே, வெள்ள ஈ, மட்டையெல்லாம் கறுப்பா ஆக்கிடுதே, இது ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள் பாருங்கள், நான் நிற்பதையே மறந்துவிட்டார்கள். எந்த மாதம் அதிகம், மழை பெய்தால் குறைகிறதா, மருந்து அடித்தீர்களா, அடித்தால் கூடிப்போகிறதா என்று அவள் கேட்கக் கேட்க, அவர் கையை நீட்டி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அவளுக்கு மட்டை, குரும்பை, பாளை எதுவும் தமிழில் தெரியவில்லை. அவருக்கு அவள் சொல்கிற பூச்சியின் பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. படத்தைத் தொட்டுத் தொட்டுச் சமாளித்தார்கள்.

பிறகு அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். புயலுக்கப்புறம் வைத்த கன்றுகளில் முதல் மரம் இந்த வருஷம்தான் காய்த்தது, அதில் முதல் குலையில் நல்ல காய் ஐந்தைப் பார்த்து எடுத்து வந்தேன் என்று.

கயல் மடிக்கணினியை மூடினாள். அவளுடைய கழுத்து சிவந்துபோனது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"மாமா, அத அழிக்கச் சொன்னது நான்தான். ஃபோன்ல."

அண்ணன் அவளையே பார்த்தார்.

"முதக் காய்னு தெரிஞ்சிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், மாமா. இங்க தென்னை இல்ல. ஆனா அந்தப் பூச்சி வேற செடிலயும் ஏறும். வந்துட்டா போகாது."

இரண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிவிட்டாளே, அதையும் முகத்துக்கு நேரே சொல்கிறாளே என்று நினைத்தேன். அண்ணன் காபியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை வைத்தார்.

"இந்த மாதிரி ஒருத்தி எங்கூர்ல இருந்திருந்தா என் தோப்புக்கு அந்த ஈ வந்திருக்காது," என்றார்.

நான் பேருந்தைத் தவறவிட்டேன். அந்தப் பேருந்தை ஓட்டியது என் வீட்டுக்காரர்தான், அவரும் நிறுத்தாமல் போய்விட்டார், அது வேறு கதை.

5

சாயங்காலம் அண்ணனும் நானும் பல்பொருள் அங்காடிக்குப் போனோம். தட்டு காலியாக இருக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம். ஆப்பிள், பேரிக்காய், கிவி, பக்கத்து வீட்டார் வேலிமேல் வைத்துவிட்டுப் போன, கொய்யா மாதிரி இருக்கும் ஃபெய்ஜோவா, சாக்லேட், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தேங்காய் சாமோவாத் தீவிலிருந்து வந்திருந்தது. குடுமி இல்லாத மொட்டைக் காய். அண்ணன் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணி வத்திப்போச்சு, யார் தோப்போ பாவம் என்று திரும்ப வைத்துவிட்டார். தேங்காய்த் தட்டுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

விழா நாள் மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணன் பட்டுவேட்டி, மேலே என் வீட்டுக்காரரின் குளிர்ச்சட்டை. தட்டுகள் காரின் பின்பக்கத்தில் இருந்தன. நான் அவற்றைப் பற்றி ஒன்றும் பேசாமல், கடவுளே இந்த ஒரு நாள் இரண்டு பேர் மனசும் நோகாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கயலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இங்கே தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பட்டமளிப்பை நம்மூர்க் கல்யாணம் மாதிரி நடத்துவார்கள். கயலின் தோழி சினா சாமோவாக்காரி. அவள் பெயரைக் கூப்பிட்டதும் எங்களுக்குப் பின்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் எழுந்தார்கள். பூப்போட்ட துணியை வேட்டி மாதிரி இடுப்பில் கட்டிய ஒரு பெரியவர் தொடையைத் தட்டி, அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பிப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் முடியும்வரை காத்திருந்தார்கள். அண்ணன் திரும்பி உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"அவரு யாரு? தாய்மாமனா?"

தெரியலண்ணே, இருக்கலாம் என்றேன். இருக்கும், இருக்கும் என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு கயல்விழியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் உடைத்துத்தான் கூப்பிட்டார்கள், ஆனாலும் அவள்தான். கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். நான் பிரசவ அறையில் அவளைக் கையில் வாங்கியதும், காய்ச்சலோடு தோளில் போட்டுக்கொண்டு இரவுப் பணிக்கு ஆள் மாற்றக் கெஞ்சியதும், முதல் நாள் பள்ளியில் அவள் இங்கிலீஷ் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. மரமேறியின் பேத்தி மரத்துக்கு வைத்தியம் படித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வேறு எப்படிச் சொல்ல? என் வீட்டுக்காரர் வீடியோ எடுத்தார். அதில் மேடையே இல்லை, அவர் முகம்தான் இருக்கிறது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அண்ணன் கைதட்டவில்லை. எழுந்து நின்றார். அவள் மேடையை விட்டு இறங்கும்வரை நின்றார்.

6

வெளியே புல்வெளி முழுக்கக் கூட்டம். சினாவின் கழுத்தில் அவள் வீட்டார் போட்ட மாலைகள் மூக்கு வரைக்கும் ஏறியிருந்தன. பூமாலையோடு, சாக்லேட்டைக் கோத்த மாலைகளும். என் மகளின் கழுத்து வெறுமையாக இருந்தது. பத்து முழம் மல்லிகை விமான நிலையத்திலேயே போய்விட்டதே.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தட்டு இங்க வேணாம் செல்வி, வீட்டுக்குப் போயி சாமிகிட்ட வச்சுக்கலாம், புள்ள சங்கடப்படும் என்றார். சரி என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவர் இத்தனை தூரம் சுமந்து வந்ததை வைக்க இடமில்லை என்று அவரே சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிட்டேனே.

கயல் தோழிகளை விட்டு எங்களிடம் வந்தாள்.

"தட்டெல்லாம் எங்க?"

கார்ல இருக்கு, வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம் என்றேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அண்ணனிடம் கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு எங்க வந்து திரும்பிப் போனீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக யாரும் வாயால் சொல்லாத விஷயம்.

"தெருமுனைலம்மா. ஒங்க தாத்தா வீட்டுக்கு இந்தாண்ட."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். கார் நிறுத்தம் முடிந்து மண்டபத்துக்குப் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதைக் கைகாட்டினாள்.

"அது தெருமுனை. அங்கேருந்து வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன். அந்த ஃப்ளெக்ஸ் பிடிக்கலை மாமா எனக்கு. உங்கள இல்ல."

பிறகு எல்லாம் சட்டுச் சட்டென்று நடந்தது. சினாவையும் இன்னும் எட்டுப் பேரையும் கூப்பிட்டு அவள் இங்கிலீஷில் என்னவோ விளக்கினாள். அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதெல்லாம் உலக வழக்கம் என்பதுபோல் அங்கியும் தொப்பியுமாகப் போய்க் காரின் பின்பக்கத்திலிருந்து ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டார்கள். பட்டுப்புடவைத் தட்டு சினாவுக்கு. ஆப்பிள் தட்டு ஒரு சீனப் பெண்ணுக்கு. பிஸ்கட் தட்டை ஏந்திய நெட்டையன், பாதி வழியில் ஒன்றைத் தின்றுவிடலாமா என்று கேட்டு அடி வாங்கினான். ஒரு கை குறையவே பத்தாவது தட்டை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா சீர்த்தட்டு தூக்கலாமா என்று முறை பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

முதல் தட்டு தாய்மாமன் கையில்தான் இருக்க வேண்டும். அண்ணன் குளிர்ச்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவர் ஏந்திய தட்டை அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். குங்குமம், கற்கண்டு, நடுவில் நாலாக மடித்த ரசீது. பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஃபெய்ஜோவா.

"என்னண்ணே இது?"

"தேங்கா வச்சதுக்குச் சாட்சி வேணாமா?" என்றார்.

நான் முன்னால் ஓடி மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மேளம் இல்லை. விளக்குக் கம்பத்தைத் தாண்டி அண்ணன் திரும்பினார், பின்னால் பத்துத் தட்டு. என் வாய்க்குள் நாக்கு தானாகச் சுழன்றது. கல்யாணமாகி வந்தபிறகு நான் குலவை போட்டதே இல்லை, வருமா என்றுகூட யோசிக்கவில்லை. வந்தது. புல்வெளியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமோவா பெரியவர் தன் பேச்சை நிறுத்திவிட்டு எனக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு குரல் கொடுத்தார்.

படிக்கட்டுக்குக் கீழே வந்து அண்ணன் நின்றுவிட்டார். அதுதான் முறை. வீட்டார் அழைக்காமல் சீர் படியேறாது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயல் அங்கியைச் சரிசெய்துகொண்டு இரண்டு படி கீழே இறங்கினாள். அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வாங்க மாமா," என்றாள்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.